அப்பா பக்கமா, அம்மா பக்கமா?

(நல்லம்பள்ளியில் நடைபெற்ற சாதி ஒழிப்புக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'உலக நாடுகளில் இனக்கலப்பும் இன உறவுகளும்'. முனைவர் பட்ட ஆய்வு செய்கிற பொண்ணு, நாலு நாட்டுக் கதை சொல்லட்டும் என்று தோழர்கள் நினைத்திருக்கலாம். சொல்கிறேன். ஆனால் அமெரிக்காவில் இருந்து தொடங்கினால் அது அமெரிக்காவிலேயே முடிந்துவிடும். அதனால் இந்த பைபாஸ் ரோட்டில் இருந்து தொடங்குகிறேன்.

நான் வளர்ந்த வீடு ரோட்டு ஓரத்து வீடு. ஊரிலும் இல்லை, காலனியிலும் இல்லை. தொப்பூர் பக்கம் போகிற லாரிகளின் சத்தத்தில்தான் நானும் என் தம்பியும் தூங்குவோம். ரோட்டு ஓரத்தில் வாடகை குறைவு என்பதால்தான் அங்கே இருக்கிறோம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து, பதினோரு வயதில்தான் விளங்கியது. அப்பா பிற்படுத்தப்பட்ட சாதி. அம்மா ஆதிதிராவிடர். பெங்களூரில் கட்டட வேலையில் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் பிறந்து சில வருஷம் கழித்து இங்கே திரும்பி வந்தபோது, ஊருக்குள் அம்மாவுக்கு வீடு கிடைக்கவில்லை. காலனியில் போய் இருக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாலி கட்டத் துணிந்த மனிதருக்குக் குடியேறத் துணிவு வரவில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவில் ரோடு.

நம்ம பக்கத்து விவசாயிகளைப் பாருங்கள். மா வைப்பவர்கள் ஒட்டுக் கன்றுதான் கேட்டு வாங்குவார்கள். கொட்டைக் கன்று காய்க்க நாளாகும், காயும் தாய்மரம் மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது என்பார்கள். பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவர்கள் வீட்டில் நிற்பது கலப்பின மாடு. ஆலம்பாடி மாடு நம்ம மண்ணின் மாடு, அதை வைத்திருப்பவர்கள் இன்று எத்தனை பேர்? மாட்டில் கலப்பு வேண்டும், மரத்தில் ஒட்டு வேண்டும், மனிதனில் மட்டும் அது கலப்படம். அரசாங்கமே 'கலப்புத் திருமணம்' என்றுதான் சொல்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவாக நடக்கிற நிதியுதவித் திட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. நாம் 'சாதி மறுப்புத் திருமணம்' என்கிறோம். சரி, பெற்றோர் சாதி மறுப்பாளர்கள். பிறந்த பிள்ளைக்கு என்ன பெயர்? அதற்கு நம்மிடம் இதுவரை ஒரு சொல்கூட இல்லை.

மற்ற நாடுகளில் சொற்கள் இருந்தன. பெரும்பாலும் அவை வசவுகள். அமெரிக்காவில் ஒரு துளி கறுப்பு இரத்தம் இருந்தாலும் அவர் கறுப்பர்தான் என்பது பழக்கமாக இருந்து, பிறகு சட்டமாகவே ஆனது. வர்ஜீனியா மாநிலம் 1924-இல் இனத்தூய்மைச் சட்டம் ஒன்றைப் போட்டது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் மில்ட்ரெட், ரிச்சர்ட் லவிங் என்ற தம்பதியை 1958-இல் நடு இரவில் படுக்கையறைக்குள் புகுந்து போலீஸ் கைது செய்தது. கணவர் வெள்ளையர், மனைவி வெள்ளையர் அல்லாதவர். குற்றம் அவ்வளவுதான். 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அன்றைக்கும் அங்கே 16 மாநிலங்களில் இப்படிப்பட்ட தடைச் சட்டங்கள் இருந்தன.

அதே 1967-இல்தான் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்ற திருத்தம் நம் சட்டமன்றத்துக்கு வந்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்தது. ஐயரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம், மாலை மாற்றினால் போதும். இந்தியாவில் வேறெந்த மாநிலமும் செய்யாத காரியம். நான் பெருமையாகச் சொல்வேன். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அமெரிக்காவில் சட்டம் தடுத்தது, அந்தச் சட்டத்தை நீதிமன்றம் உடைத்தது. இந்தியாவில் சாதி கடந்த திருமணத்தைச் சட்டம் தடுக்கவில்லை. 1954-லேயே சிறப்புத் திருமணச் சட்டம் வந்துவிட்டது. அதிலும் முப்பது நாள் முன்னறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று ஒரு விதி. காதலிப்பவர்களுக்குப் போட்டதா, தேடி வருகிறவர்களுக்குப் போட்டதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எது எப்படியோ, சட்டம் அனுமதிக்கிறது, ஊர் அனுமதிப்பதில்லை. சட்டத்தை உடைக்க ஒன்பது நீதிபதிகள் போதும். ஊரை உடைக்க எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1949-இல் கலப்புமணத் தடைச் சட்டம். 1950-இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம். ஒவ்வொருவரும் எந்த இனம் என்று அரசாங்கம் பதிவேட்டில் எழுதியது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்துவிட்டால் ஒரு இனம், சுருளில் சிக்கி நின்றால் இன்னொரு இனம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை இரண்டு இனமாகப் பிரித்த கொடுமையெல்லாம் நடந்தது. நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவா 1984-இல் பிறந்தவர். அம்மா கறுப்பினப் பெண், அப்பா சுவிட்சர்லாந்துக்காரர். அன்றைய சட்டப்படி அப்படி ஒரு உறவே குற்றம், அந்தப் பிள்ளைதான் குற்றத்துக்கான சாட்சி. அவருடைய தன்வரலாற்று நூலின் பெயரே அதைத்தான் சொல்கிறது.

அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்கியது. எனக்கும் பென்சில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்ம ஊர் பென்சில் ஒரு கேள்வி. "எந்த ஊரு?" நல்லம்பள்ளி. "நல்லம்பள்ளில எங்க?" பைபாஸ் ரோட்டுல. "அதுல எந்தப் பக்கம்? அப்பா பேரு என்ன? குலசாமி எது?" இனத்துக்கு நிறம் உண்டு, சாதிக்கு நிறம் இல்லை. அதனால்தான் இங்கே இத்தனை கேள்விகள். அப்பா பெயரைச் சொன்னதும் முகம் மலரும். அம்மா பிறந்த தெருவைச் சொன்னதும் தண்ணீர் டம்ளரின் நிறம் மாறும். எவர்சில்வர் உள்ளே போய் பிளாஸ்டிக் வெளியே வரும்.

இதுவும் அந்த ஒரு துளிக் கணக்குதான். மனுவும் இதைத்தான் எழுதி வைத்தார். பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டினால், எந்த வருணத்து ஆணுக்கும் எந்த வருணத்துப் பெண்ணுக்கும் பிறந்தவன் எந்தச் சாதி என்று பட்டியல் இருக்கும். சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளையைச் சண்டாளன் என்று எல்லாவற்றுக்கும் கீழே தள்ளியிருப்பார். தந்தையைவிடவும் கீழே. கலந்தால் சாதி கரைந்துபோகும் என்று நாம் நம்புகிறோம். கலந்து பிறந்தவனுக்கு இன்னொரு சாதியை உண்டாக்கி ஏணியில் ஒரு படி கூட்டிக்கொள்ளும் தந்திரம் அதற்குத் தெரியும். தென்னாப்பிரிக்காவும் கலந்து பிறந்தவர்களைத் தனி இனமாக்கி நடுவில் ஒரு பெட்டியில்தான் அடைத்தது. நம் அரசமைப்புச் சட்டத்தில் ஆங்கிலோ-இந்தியர் யார் என்று 366ஆம் பிரிவு சொல்கிறது. தந்தை வழியில் ஐரோப்பியர் இருக்க வேண்டுமாம். தாய் ஐரோப்பியராக இருந்தால் கணக்கில் இல்லை. இரண்டு இனம் சேர்ந்து பிறந்த மக்களை வரையறுக்கும்போதுகூடத் தாயைக் கழித்துவிட்டார்கள்.

இனி என் சான்றிதழ் கதை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அம்மாவின் சான்றிதழையும் என் மாற்றுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "அப்பா சாதிதாம்மா வரும். சலுகைக்காக அம்மா சாதியைக் கேக்கறீங்களா?" அம்மா பதில் பேசவில்லை. எனக்குப் பதினேழு வயது. அந்தச் 'சலுகை' என்ற சொல் இன்னமும் காதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்காதே என்று சொன்னபோது எந்தச் சாதியாகப் பார்த்தார்கள்? அப்பா வழிக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்த என்னைக் கையைப் பிடித்து எழுப்பி, "அப்புறமா சாப்பிடலாம் கண்ணு" என்றபோது எந்தச் சாதி? அவமானத்துக்கு மட்டும் நான் அம்மா பிள்ளை, சான்றிதழுக்கு அப்பா பிள்ளை.

பிறகு ஆய்வுக்காகப் படிக்கும்போதுதான் தெரிந்தது, அந்த அலுவலர் சொன்னது சட்டமே இல்லை. 1975ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டுவிட்டது. சாதி கடந்து திருமணம் செய்தவர்களின் பிள்ளை எந்தச் சூழலில் வளர்கிறது என்று பெற்றோர் அறிவிக்கிறார்களோ, அதன்படி தாயின் சாதியையோ தந்தையின் சாதியையோ கொள்ளலாம். உச்சநீதிமன்றமும் 2012 ஜனவரியில் ரமேஷ்பாய் தபாய் நாயிக்கா எதிர் குஜராத் அரசு என்ற வழக்கில் இதைத் தொட்டது. அவருடைய தாய் பழங்குடிப் பெண், தந்தை பழங்குடி அல்லாதவர். தந்தை சாதி என்று அனுமானிக்கலாம், ஆனால் அந்த அனுமானம் முடிந்த முடிவல்ல என்றது தீர்ப்பு. தாயின் சமூகத்தில் வளர்ந்தேன், அவர்கள் பட்ட இழிவையும் இழப்பையும் நானும் பட்டேன், அந்தச் சமூகமும் என்னைத் தன் பிள்ளையாகவே நடத்தியது என்று காட்டினால் தாயின் நிலை பிள்ளைக்கு உண்டு. நல்ல தீர்ப்புதான். ஆனால் காட்ட வேண்டியது யார்? பிள்ளைதான். பட்ட அவமானத்துக்கு ரசீது வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதே 2012 நவம்பர் 7. இந்த மாவட்டத்தில் யாருக்கும் அந்தத் தேதியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. இளவரசனும் திவ்யாவும் கல்யாணம் செய்துகொண்டதைக் காரணமாகக் காட்டி, திவ்யாவின் தந்தை இறந்த அன்று மாலை மூன்று தலித் குடியிருப்புகளையும் கொளுத்தினார்கள். 250-க்கும் மேற்பட்ட வீடுகள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்த டிவி, பீரோ, வண்டி, பிள்ளைகளின் சான்றிதழ்கள், எல்லாம் சாம்பல். 2013 ஜூலை 4 அன்று தருமபுரியில் ரயில் தண்டவாளத்துப் பக்கத்தில் இளவரசனின் உடல் கிடந்தது. அவனுக்கு வயது இருபதுக்குள்.

அன்றைக்கு நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். இரவு அம்மா போன் செய்தார். "ஊருக்கு வராத. நாங்க நல்லா இருக்கோம்" என்றார். பின்னால் லாரி சத்தம் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நவம்பர் 7 அன்று தன் தம்பி எங்கே இருந்தார் என்ற ஒரு கேள்வியை அப்பா கேட்கவே இல்லை. சித்தப்பாவும் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், மழை பற்றி, மாங்காய் விலை பற்றி. அந்தக் கேள்வியை மட்டும் தாண்டித் தாண்டிப் பேசினார்கள். எரித்தவர்கள் பக்கம் அப்பாவின் இரத்தம், எரிந்தவர்கள் பக்கம் அம்மாவின் இரத்தம் என்று என்னிடம் ஒரு பத்திரிகையாளர் கவித்துவமாகச் சொன்னார். இரத்தத்தில் எதுவும் இல்லை சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உண்மையிலேயே இரத்தத்தில் எதுவும் இல்லை. 2013-இல் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரீச் ஆகியோர் அடங்கிய குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நாட்டு மக்கள் பெரிய அளவில் கலந்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்த குழுக்களில் அந்தக் கலப்பு தொடாத குழு ஏறக்குறைய இல்லை. அதற்குப் பிறகுதான் அகமணம் என்ற கதவு சாத்தப்பட்டது. ஆக, இந்தக் கூடத்தில் இருப்பவர்கள் எல்லாருமே கலப்புதான். என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் சமீபத்தில் கலந்தவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கதவு சாத்தியதைப் பற்றி அம்பேத்கர் அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1916-இல் கொலம்பியாவில், தன் இருபத்தைந்து வயதில் பேசிவிட்டார். சாதியின் சாரமே அகமணம்தான் என்றார். அந்தக் கதவைக் காக்கப் பெண்ணை எரித்தார்கள், விதவையாக்கி மூலையில் உட்கார வைத்தார்கள், விளையாட்டு வயதில் கட்டி வைத்தார்கள் என்று விளக்கினார். 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சாதி கடந்த மணம்தான் உண்மையான மருந்து என்று எழுதினார். அதை நாம் மேடையில் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் அவர் அடுத்துக் கேட்ட கேள்வியைப் பாதியில் விட்டுவிடுகிறோம். இந்த மருந்தை ஏன் மக்கள் குடிக்க மறுக்கிறார்கள் என்று அவர் கேட்டார். சாத்திரங்களைப் புனிதம் என்று நம்புகிற மனசு மாறாமல் குடிக்க மாட்டார்கள் என்று பதிலும் சொன்னார். சாதி என்பது இனப் பிரிவு அல்ல என்பதையும் அதே நூலில் வாதிட்டார். பஞ்சாபின் பார்ப்பனருக்கும் சென்னையின் பார்ப்பனருக்கும் இன ஒற்றுமை என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். இனம் வேறு, சாதி வேறு. சரி. ஆனால் கலந்து பிறந்த குழந்தையைத் தாழ்ந்தவர் கணக்கில் தள்ளுவது என்ற ஒரு இடத்தில் இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை போலத் தெரிகிறது.

இங்கே நம் இயக்கத் தோழர்களிடம் ஒரு சண்டை போட வேண்டும். மேடை போட்டு, மாலை மாற்றி, படம் எடுத்து, திருமணத்தை நடத்தி வைக்கிறோம். அடுத்த வாரம் அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்த தோழர் எத்தனை பேர்? அரசும் அப்படித்தான். திருமணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கக் காசும் தருகிறது. வீடு? பட்டா? பிள்ளையின் சான்றிதழ்? 2003-இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகி-முருகேசனுக்கு நஞ்சு ஊற்றினார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. 2015-இல் கோகுல்ராஜ். 2016-இல் உடுமலையில் சங்கர். தனிச்சட்டம் கேட்கிறோம், கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் உயிரோடு தப்பித்து, ரோட்டு ஓரத்தில் வீடு பிடித்து, பிள்ளை பெற்று வளர்க்கிறவர்களைப் பற்றி நமக்கு ஒரு தீர்மானம்கூட இல்லை. செத்தால்தான் நமக்குக் கண்ணில் படுகிறார்கள்.

'சாதியற்றவர்' என்று சான்றிதழ் வாங்கிவிடலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா பல ஆண்டுகள் அலைந்து 2019 பிப்ரவரியில் அப்படி ஒரு சான்றிதழைப் பெற்றார். அவர் போராட்டத்தை மதிக்கிறேன். நான் வாங்க மாட்டேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன். சாதி என்னை விட்டால்தான் நான் சாதியை விட முடியும். பிளாஸ்டிக் டம்ளர் வீட்டில் இருக்கும் வரை எனக்கு அம்மாவின் சான்றிதழ் வேண்டும். அதை வாங்க எனக்குக் கடைசியில் ஒன்றரை வருஷம் ஆனது. ஒரு வருஷப் படிப்பு போனது. அந்த வருஷம் நான் பெங்களூரில் துணிக்கடையில் வேலை பார்த்தேன். எனக்குக் கன்னடம் தெரிவது அப்படித்தான். 'சாதியற்றவர்' என்று எழுதுவது சொத்தும் படிப்பும் மூன்று தலைமுறையாகச் சேர்ந்த வீட்டுக்கு எளிது. என் நிலையில் இருப்பவர்களிடம் அதைக் கேட்பது, கையில் இருக்கிற ஒரே குடையையும் மடக்கச் சொல்வது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. காலனியிலும் எனக்கு எல்லாம் சுலபமாக இல்லை. "அவங்கப்பன் பக்கம் புத்தி" என்று என் தம்பியைச் சொல்லியிருக்கிறார்கள். நத்தம் எரிந்த பிறகு அம்மாவின் சொந்த அக்காவே இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவர் கோபத்தில் எனக்கு நியாயம் தெரிந்தது. பெரியம்மாவும் ஊர்க்காரர்களும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் எரிந்ததால் விலகினார், மற்றவர்கள் விலக்குவதற்காக எரித்தார்கள்.

அப்பா மூன்று வருஷத்துக்கு முன் இறந்தார். இங்கே உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். எங்கே அடக்கம் செய்வது என்பதுதான் அன்றைய பிரச்சினை. உயிரோடு இருப்பவருக்கு ரோடு உண்டு. செத்தவருக்கு ரோட்டு ஓரத்தில் இடம் இல்லை. ஊர்ச் சுடுகாடு ஒரு பக்கம், காலனிச் சுடுகாடு ஒரு பக்கம். சித்தப்பா வந்து, "அண்ணனை மட்டும் நாங்க எடுத்துக்கிறோம்" என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லில் அம்மா சுதாரித்துக்கொண்டார். "நாளைக்கு நான் செத்தா என்னை அங்க விடுவியா?" என்று கேட்டார். சித்தப்பா தலை குனிந்தார். முப்பது வருஷம் காலனிக்குள் குடியேறாத அப்பா அன்று மாலை பெரியம்மாவின் பிள்ளைகள் தோளில் காலனிச் சுடுகாட்டுக்குப் போனார். சித்தப்பா ரோடு வரைக்கும் கூடவே வந்தார். பாதை பிரிகிற இடத்தில் நின்றுவிட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது துண்டை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். அந்த மனிதரை வெறுக்கவும் எனக்கு முழுசாக முடியவில்லை.

என் தம்பி சாதி மறுப்புத் திருமணம் செய்தவன். அவன் மனைவி மூன்றாவதாக ஒரு சாதி. மகளுக்கு வருகிற ஜூனில் ஐந்து வயது முடிகிறது, பள்ளியில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளிச் சேர்க்கையின்போது சாதிக் கட்டத்தைக் காலியாக விட உரிமை உண்டு, 1973-லேயே அதற்கு ஆணை இருக்கிறது. காலியாக விடலாமா, பாட்டியின் சாதியை எழுதலாமா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதமாக விவாதம். தம்பி காலியாக விடு என்கிறான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் வாங்கின பேச்சுக்கெல்லாம் என் பேத்திக்கு ஒரு சீட்டாவது வரட்டும்" என்கிறார். சட்டப்படி இரண்டு தலைமுறை தாண்டி அது நிற்குமா என்று வழக்கறிஞர் தோழர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். கேள்வி நேரத்தில் அவரை விடாதீர்கள். விண்ணப்பப் படிவம் என் பையில்தான் இருக்கிறது. மற்ற கட்டம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது.